கை தெரியும் அளவு வெளிச்சம்

1993ஆம் ஆண்டு மார்கழி மாதத்து முதற் புதன்கிழமை மாலை, நத்தார்ப் பாட்டுப் பயிற்சிக்கு வெளிக்கிடும்போது, கைகளில் கிடந்த கண்ணாடிக் காப்புகளைக் கழற்றிக் குசினி மாடத்தில் வைத்தேன். அம்மம்மா கண்டுவிட்டார். "விளக்கு வைக்கிற நேரத்தில வெறுங்கையோடை வெளிக்கிடாதை பிள்ளை" என்று படலைவரை வந்து மறித்தார். நான் காரணத்தைச் சொன்னேன். தாளம் காட்டுவதற்குக் கையை உயர்த்தி இறக்கும் ஒவ்வொரு தடவையும் காப்புகள் சரிந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. கை நின்ற பிறகுதான் அவை விழுவதால் சத்தம் ஒரு கணம் பிந்திக் கேட்கிறது. கண்ணால் பார்ப்பவர்கள் ஓரிடத்திலும் காதால் கேட்பவர்கள் இன்னோரிடத்திலும் பாட்டை எடுக்கிறார்கள். அம்மம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன்னுடைய ஒற்றைத் தங்கக் காப்பை எடுத்து வந்து என் இடது கையில் போட்டுவிட்டார். ஒற்றைக் காப்பு சத்தம் போடாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தேவாலயத்தின் சேர்ந்திசைக் குழுவான கொயரை நடத்திய மாஸ்ரர் அந்த ஐப்பசியில் குடும்பத்தோடு கிளாலிக் கடல்வழியாகக் கொழும்புக்குப் போய்விட்டார். நத்தாருக்கு இரண்டு மாதம்கூட இல்லை. போதகர் என்னைக் கூப்பிட்டு, வேறு ஆள் கிடைக்கும்வரை பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கும்படி கேட்டார். பிள்ளைகள் என்று அவர் சொன்னவர்களில் பாதிப்பேர் என் தகப்பன் வயதுடைய, ஆண்களின் மேற்குரலும் கீழ்க்குரலும் பாடும் ரெனர், பேஸ் பாடகர்கள். நான் பாடசாலையில் கொயரின் பிரதான மாணவியாக இருந்தவள் என்பதும், டோ, ரே, மீ என்று சுரங்களைக் குறிக்கும் சொல்ஃபா எழுத்துகளைப் பார்த்து நான்கு குரல்களையும் தனித்தனியே பாடிக் காட்டக்கூடியவள் என்பதும் அவருக்குத் தெரியும். "வேறு ஆள் கிடைக்கும்வரை" என்ற சொற்களின் பாரம் அன்று எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்திசையை நெறியாள்வது என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கையசைப்பு என்றே நினைக்கிறார்கள். எங்கள் சங்கீதத்தில் எடுப்பு என்றொரு சொல் இருக்கிறது. தாள வட்டத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அது குறிக்கும். கொயரிலோ, வாத்தியக் குழுவான ஓர்கெஸ்ட்ராவிலோ அந்த எடுப்பு, முதற் சுரம் ஒலிப்பதற்கு முன்னரே, நெறியாளரின் மூச்சில் தொடங்கிவிடுகிறது. அவர் மூச்சை உள்ளிழுத்தபடி கையை உயர்த்துகிறார். அந்த மூச்சு எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதுவே பாட்டின் வேகம். கை எவ்வளவு பாரத்தோடு உயர்கிறதோ அதுவே முதற் சுரத்தின் கனம். நாற்பது பேர் அதே மூச்சை அதே கணத்தில் இழுத்தால், கை இறங்கும்போது பாட்டு தானாக வந்து விழும். இழுக்காவிட்டால், பிறகு எவ்வளவு கையடித்தாலும் பாட்டு ஒட்டாது.

இதைத் தனியாகப் பழக வழியில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விடயத்துக்காகத்தான். வயலின் படிக்கும் பெண்ணுக்கு வீட்டில் வயலின் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஆயிரம் தடவை பிழை விடலாம், ஒருவருக்கும் தெரியாது. நெறியாளரின் வாத்தியமோ மனிதர்கள். அந்த வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கையசைத்துப் பார்க்கலாம். ஆனால் கண்ணாடி ஒருநாளும் பிந்துவதில்லை, முந்துவதுமில்லை, ஆகவே அதனிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நாற்பது பேர் உங்களுக்கு முன்னால் வந்து நின்று, நீங்கள் பிழை விடுவதைப் பொறுத்துக்கொண்டு, மறுகிழமையும் வந்து நின்றால்தான் இந்தக் கலை கைக்கு வரும். அந்தப் பொறுமையை உலகம் இளம் ஆண்களுக்குக் கேட்காமலேயே கொடுத்தது. பெண்களுக்குக் கேட்டாலும் கொடுக்கவில்லை. தடை என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990க்குப் பிறகு எங்கள் இரவுகள் ஜாம் போத்தல் விளக்கில்தான் கழிந்தன. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும், விளிம்பில் கொளுவிய கம்பியில் ஒரு திரி, எண்ணெய் சிக்கனம். பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு விளக்கைக் கொண்டுவந்து வாங்கில்களின் ஓரத்தில் வைப்பார்கள். தாளைப் பார்க்க அந்த வெளிச்சம் போதும். நான் நின்ற இடம் இருட்டு. முதல் இரண்டு பயிற்சிகளில் என் கை யாருக்குமே தெரியவில்லை. மூன்றாவது பயிற்சியில் பெண்களின் மேற்குரலான சொப்ரானோ பாடும் பிள்ளை ஒருத்தி தன் விளக்கை என் காலடியில், தரையில் வைத்தாள். உடனே என் கையின் நிழல் எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில், ஆளுயரத்துக்குப் பெரிதாக விழுந்தது.

அதுவரை பேஸ் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துப் பாடியதே இல்லை. அவர் கெட்டவர் அல்ல. நல்ல குரல், நல்ல ஞானம். ஆனால் பாட்டு நின்றால் என்னைக் கடந்து ஓர்கன் வாசிக்கும் பையனைப் பார்த்து, "தம்பி, எங்கையிருந்து எடுக்கிறது?" என்று கேட்பார். நிறுத்தியவள் நான். எங்கிருந்து எடுப்பது என்று தெரிந்தவளும் நான். அந்தப் பையன் என்னைப் பார்ப்பான், நான் சொல்வேன், அவன் அதை அவருக்குத் திருப்பிச் சொல்வான். என் வாயிலிருந்து வந்தது இன்னொருவர் வாய்வழியாகத்தான் அவரைப் போய்ச் சேர்ந்தது. நிழல் சுவரில் விழுந்த அன்றுதான் அவர் முதன்முதலாக என் எடுப்பில் பாடினார். தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார், நிழற் கை உயர்ந்தபோது மூச்சிழுத்தார், இறங்கியபோது எல்லோரோடும் சேர்ந்து இறங்கினார். அந்தக் கைக்கு முகம் இல்லை, வயது இல்லை, தாவணி இல்லை. அந்த நத்தார் ஆராதனையில் நாங்கள் பாடிய நான்கு குரற் பாடல் ஓரிடத்திலும் பிரியவில்லை.

மேற்கத்தைய ஓர்கெஸ்ட்ராக்கள் பெண்களுக்கு எப்படித் திறந்தன என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வாசித்தபோது அந்தச் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அமெரிக்காவில் வாத்தியக்காரர்களைத் தெரிவுசெய்யும்போது, வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையில் திரை கட்டும் வழக்கம் 1970களிலிருந்து பரவியது. திரை மட்டும் போதவில்லை; குதிக்காற் சப்பாத்தின் சத்தம் பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தரையில் கம்பளமும் விரித்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் காப்புகளின் நினைவுதான் வந்தது. 1970இல் அமெரிக்காவின் ஐந்து பெரிய ஓர்கெஸ்ட்ராக்களில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்த பெண்கள், 1997இல் 25 சதவீதமானார்கள். அந்த உயர்வில் திரைக்குக் கணிசமான பங்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

நெறியாளருக்கு அந்தத் திரையைக் கட்ட முடியாது. அவர் ஒலி எழுப்புவதில்லை. பார்க்கப்படுவதே அவர் தொழில். தோள், முழங்கை, மூச்சு, பார்வை எல்லாம் வெளியே தெரிந்தால்தான் இசை பிறக்கும். வாத்தியம் வாசிக்கும் பெண்கள் இருக்கைகளில் நிறைந்துவிட்ட பிறகும் மேடையின் நடுவில் இருக்கும் அந்தச் சிறிய பீடம் நெடுங்காலம் ஆண்களிடமே இருந்ததற்கு, இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அன்டோனியா பிரிக்கோவின் கதை என்னை அதிகம் உலுக்கியது. 1902இல் ரொட்டர்டாமில் பிறந்து, வளர்ப்புப் பெற்றோரோடு கலிபோர்னியாவுக்குப் போய், பின்னர் பெர்லினில் நெறியாள்கை படித்த பிரிக்கோ, 1930இல் பெர்லின் ஃபில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவை நடத்தினார். அப்போது அவருக்கு வயது 27. பெரிய வாசல் ஒன்று திறந்ததாகத்தான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அழைப்புகள் தொடரவில்லை. 1934இல் நியூயோர்க்கில் பெண்களை மட்டும் கொண்ட சிம்பொனிக் குழுவொன்றைத் தானே உருவாக்கினார். பிறகு டென்வர் நகரில் குடியேறி, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தொழில்முறையல்லாத கலைஞர்களின் ஓர்கெஸ்ட்ராவைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1974இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில், மாதம் ஐந்து கச்சேரி நடத்தத் தன்னிடம் தெம்பு இருந்தும் ஆண்டுக்கு ஐந்துதான் கிடைக்கிறது என்று மனம் வெதும்பிச் சொல்கிறார். புகழ் கிடைக்கவில்லையே என்று அவர் வருந்தவில்லை. ஆட்களுக்கு முன்னால் நிற்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதே அவருடைய துயரம். அதை என்னால் என் உடம்பாலேயே உணர முடிகிறது.

மரின் ஆல்சொப் 1956இல் நியூயோர்க்கில் பிறந்தவர். ஒன்பது வயதில் லெனர்ட் பேர்ன்ஸ்ரைன் நடத்திய கச்சேரியைப் பார்த்து, தானும் நெறியாளராக வேண்டும் என்று முடிவெடுத்தார். வயலின் ஆசிரியர், பெண் பிள்ளைகள் அதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்; தகப்பனோ நெறியாள்கைக் கோல்கள் நிறைந்த பெட்டியொன்றை வாங்கிக் கொடுத்தார். கதை இவ்வளவோடு நின்றிருந்தால் அது இனிமையான சிறுவர் கதை மட்டுமே. அவர் அடுத்து எடுத்த முடிவுதான் எனக்கு முக்கியம். நிற்பதற்கு ஓர்கெஸ்ட்ரா தர ஒருவரும் முன்வராததால், 1984இல் கொன்கோர்டியா என்ற பெயரில் ஒன்றைத் தானே தொடங்கினார். தோமியோ தாகி என்ற ஜப்பானிய வணிகர் அதற்கு உதவினார். பயிலவேண்டிய வாத்தியத்தை ஆல்சொப் தானே கட்டிக்கொண்டார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். 2005இல் பால்டிமோர் சிம்பொனி அவரைத் தெரிவுசெய்தபோது, வாத்தியக் கலைஞர்கள் பலர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்கள். 2007இல் அவர் பதவியேற்றார். அமெரிக்காவின் பெரிய ஓர்கெஸ்ட்ரா ஒன்றுக்குப் பெண் ஒருவர் இசை இயக்குநரானது அதுவே முதற் தடவை. அதற்கு முன்பே, 2002இல், இளம் பெண் நெறியாளர்களுக்கான புலமைப்பரிசில் ஒன்றை அவர் ஏற்படுத்தி, அதற்குத் தாகியின் பெயரையும் கொன்கோர்டியாவின் பெயரையும் வைத்திருந்தார். 2013இல், லண்டனில் 1895ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் புரொம்ஸ் இசை விழாவின் இறுதி இரவை நடத்திய முதற் பெண்ணும் அவர்தான். அந்த இரவின் பதிவைக் கணினியில் பார்த்தபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பாவின் பழைய இசை நிறுவனங்கள் இன்னும் பிந்தின. வியன்னா ஃபில்ஹார்மொனிக் 1997இல்தான் பெண் ஒருவரை உறுப்பினராக ஏற்றது. ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் அதற்கு முன் 26 ஆண்டுகள் உறுப்பினர் என்ற பெயர் இல்லாமலே அவர்களோடு வாசித்துவந்தவர். 2005இல் பெண் நெறியாளரான சிமோன் யங் அந்தக் குழுவை நடத்தினார். ஜெர்மனியில் 1876இல் தொடங்கிய பைரொய்ட் இசை விழாவில் பெண் ஒருவர் நெறியாள்வதற்கு 2021வரை, உக்ரேனியரான ஒக்ஸானா லினிவ் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள், எங்களுக்கென்ன என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தாளத்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் இருந்ததுதான். கர்நாடக சங்கீதத்தில் ராகம் தானம் பல்லவி பாடுவது, அதன் தாளக் கணக்குகளின் காரணமாக, ஆண்களுக்குரியதாகவே கருதப்பட்டது, டி. கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடி, பல்லவி பட்டம்மாள் என்றே பெயரெடுத்தார். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதற்காகவே சில மிருதங்கக்காரர்கள் தன்னோடு வாசிக்க மறுத்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி பிறந்த மண் இது. தவிலுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மதிப்பு வேறெங்கும் இல்லை. இணுவிலிலும் அளவெட்டியிலும் எத்தனையோ திருவிழா இரவுகளை வீதியில் இருந்து கேட்டிருக்கிறேன். தவிலைத் தோளில் கொளுவிய பெண்ணை நான் அங்கே ஒருமுறைகூடக் கண்டதில்லை.

ஆனால் நட்டுவாங்கத்தைப் பாருங்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொற்கட்டுச் சொல்லி, பாட்டுக்காரரையும் மிருதங்கத்தையும் வயலினையும் புல்லாங்குழலையும் ஆடுபவரின் காலோடு கட்டி இழுத்துச் செல்கிறவர்தான் எங்கள் மரபின் இசை நெறியாளர். தலைமுறை தலைமுறையாக அது ஆண் நட்டுவனார்களின் இடமாக இருந்தது. பெண்கள் ஆடினார்கள், ஆண்கள் ஆட்டுவித்தார்கள். பெண்ணான கே. ஜே. சரசா நட்டுவனார் ஆனபோது அது புதுமை. இன்று யாழ்ப்பாணத்தில் எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் நட்டுவாங்கம் செய்பவர் பெரும்பாலும் நடன ஆசிரியையாகவே இருக்கிறார். தீர்மானம் என்ற முடிவுத் தாளக்கட்டை எங்கே முடிப்பது என்று மிருதங்க வித்துவான் அவர் முகத்தைப் பார்க்கிறார். அதில் அவருக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை, சபையில் ஒருவரும் அதைக் கவனிப்பதுமில்லை. இந்த மாற்றம் எப்படி வந்தது? நடன வகுப்புகளைப் பெண்கள் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். வகுப்பில் நாளும் பொழுதும் தட்டுக்கழி அவர்கள் கையில் இருந்தது. பயில வேண்டிய நேரம் கிடைத்தது, கை தேறியது.

மகளிர் பாடசாலைகளும் எங்களுக்கு அப்படியோர் இடம்தான். உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கியது; வேம்படி, சுண்டுக்குளி என்று பின்னால் வந்தவையும் பல. பெண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் கொயரை நடத்துவதற்கும் பாண்ட் அணிக்கு முன்னால் கோல் பிடித்துப் போவதற்கும் பெண்ணைத்தான் நிறுத்தியாக வேண்டும். வேறு ஆளைத் தேடுவதற்கு இடமில்லை. நான் பதினாறு வயதில் எண்பது பேருக்கு முன்னால் நின்றேன், பிழை விட்டேன், சிரிப்பொலி கேட்டேன், அடுத்த நாளும் நின்றேன். கலவன் இடமான தேவாலயத்துக்கு வந்த பிறகுதான் என் கையைப் பார்க்க ஒரு நிழல் தேவைப்பட்டது.

போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரையும் போல நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். நான் கையால் படியெடுத்த சொல்ஃபாக் கொப்பிகள் இரண்டும் அம்மம்மாவின் மருந்துப் பையில் இருந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது தேவாலயத்தின் கூரையில் பாதி இல்லை. நான் நின்ற வெள்ளைச் சுவர் இருந்தது. பின்னர் கூரை வந்தது, மின்சாரம் வந்தது, மேலே நான்கு குழல் விளக்குகள் வந்தன. அந்த வெளிச்சத்தில் நான் முதற் தடவை நின்றபோது, கையைவிட முதலில் நான் தெரிந்தேன். "பொம்பிளைப் பிள்ளை உப்பிடிக் கையை வீசிக்கொண்டு நிக்கிறது வடிவில்லை" என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். சேலைத் தலைப்பு பற்றி இன்னொருவர் என் அம்மாவிடம் பேசினார். இரண்டு மாதத்தில் அந்த "வேறு ஆள்" கிடைத்துவிட்டார். என்னைவிட மூன்று வயது இளையவர், அதற்கு முன் எந்தக் கொயரையும் நடத்தாதவர். முதல் ஆண்டு அவர் எடுத்த எடுப்புகளில் பாதி உடைந்தன. கொயர் பொறுமையாக இருந்தது. அவர் பழகிக்கொண்டார், நன்றாகவே வந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பொறுமையின்மீதுதான் என் ஏக்கம் முழுவதும் இருந்தது.

நான் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் பத்து ஆண்டு பாடினேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் கொயரை மட்டும் எனக்குத் தந்தார்கள். சிறுபிள்ளைகளை நடத்துவது பெண்களுக்கு இயல்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளின் மூச்சு சிறியது, கவனம் அதனிலும் சிறியது. அவர்களை ஒரே எடுப்பில் பாடவைக்கப் பழகிய கை எந்தக் கொயரையும் பாடவைக்கும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ரெனராகவும் பேஸாகவும் பெரிய கொயருக்குள் வந்தார்கள். 2009ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்னர் எனக்குப் பதிலாக வந்த அந்த நெறியாளர் வெளிநாடு போனபோது, என்னைத்தான் கேட்கவேண்டும் என்று அவர்களே போய்ப் போதகரிடம் சொன்னார்கள். மாஸ்ரர் என்ற சொல்லுக்குப் பெண்பால் இல்லாததால் அவர்கள் என்னைக் கொயர் ரீச்சர் என்கிறார்கள்.

இப்போது புதன்கிழமைப் பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் என்னுடையது அல்ல. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் முறைவைத்து முன்னால் வருகிறார்கள். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. நத்தார் நெருங்கும்போது நேரம் வீணாகிறது என்றார்கள். இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் உண்மையாகவே வீணாகிறது. அதை நான் குறைக்கப் போவதில்லை.

கடந்த கிழமை ஓஎல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் முறை. நான் ஆல்ட்டோ வரிசையில் என் பழைய இடத்தில் போய் நின்றேன். அவள் கையை உயர்த்தினாள், மூச்சிழுக்க மறந்தாள், எடுப்பு உடைந்தது. இரண்டாவது தடவை மூச்சு வந்தது, வேகம் கூடிவிட்டது. எட்டாவது வரியில் ரெனர் கீழே இறங்க, அவள் இரண்டு கைகளாலும் பாட்டை நிறுத்தினாள். சிலர் நிற்காமல் பாடிக்கொண்டே போனார்கள். அவள் கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள், கடைசிக் குரலும் நிற்கும்வரை. பேஸ் வரிசையில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். என் கண் தன்னையறியாமல் ஓர்கன் பக்கம் போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தங்கச்சி, எங்கையிருந்து எடுக்கிறது?" என்று அவளைக் கேட்டார்.

"ஏழாவது வரி, ரெனர் மட்டும் முதல்ல" என்றாள் அவள். கையை உயர்த்தினாள்.